உங்கள் பட்டாவின் இன்னொரு பிரதி: டேப் லைப்ரரிக்குள் ஓர் இரவு

சம்பா நடவு முடிந்த கையோடு தஞ்சை மாவட்டத்தில் பயிர்க் காப்பீட்டு வேலை சூடு பிடித்துவிடும். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். இதில் சிட்டாவுக்காக இப்போது யாரும் தாலுகா ஆபீஸ் வாசலில் போய் நிற்பதில்லை. ஒரத்தநாட்டில் வரப்பில் உட்கார்ந்தபடியே போனில் புல எண்ணைப் போட்டால் வந்துவிடுகிறது. வில்லங்கச் சான்றும் அப்படித்தான்.

சரி, அந்தச் சிட்டா எங்கிருந்து வருகிறது? உங்கள் போனிலும் இல்லை, தாலுகா ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் இல்லை. அரசின் பெரும்பாலான இணையச் சேவைகள் தரவு மையங்களில் இயங்குகின்றன. சென்னை பெருங்குடியில் எல்காட் நிறுவனத்தின் மாநிலத் தரவு மையம் இருக்கிறது. அங்கே ஏதாவது ஆகிவிட்டால் கைகொடுக்கத் திருச்சியில் பேரிடர் மீட்பு மையமும் இருக்கிறது. இதுவரை பலருக்கும் தெரிந்திருக்கும். இவற்றைப் போன்ற பெரிய மையங்களில் தரவின் கடைசிப் பிரதியை எதில் வைப்பது வழக்கம் என்று கேட்டால்தான் ஆச்சரியம் வரும். காந்த நாடா. ஆமாம், பழைய பாட்டு கேசட்டின் அண்ணன் மகன்!

கேசட் இன்னுமா இருக்கு?

இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. எல்.டி.ஓ. என்று ஒரு வகை. அதன் ஒன்பதாம் தலைமுறையில் உள்ளங்கை அளவுள்ள ஒரு கேசட்டுக்குள் 1 கிலோமீட்டருக்கு மேல் நீளமான நாடா சுற்றியிருக்கும். 18 டெராபைட் தரவு பிடிக்கும். உங்கள் போன் 128 ஜி.பி. என்றால், 140 போன்கள் அளவு ஒரே கேசட்டில்! குளிர்ச்சியான, ஈரப்பதம் குறைந்த அறையில் வைத்தால் 30 ஆண்டு வரை தாங்கும் என்று கணக்கு. சும்மா அலமாரியில் இருக்கும்போது மின்சாரமே வேண்டாம்.

முக்கியமான இன்னொரு குணம், டிரைவில் செருகாத கேசட்டை இணையம் வழியாக யாராலும் தொட முடியாது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைப் பணம் பறிக்கும் வைரஸ் முடக்கியபோது, ஓ.பி. சீட்டு முதல் எல்லாம் இரண்டு வாரத்துக்குக் கையால் எழுதப்பட்டது. பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு நகலிலிருந்துதான் தரவை மீட்டார்கள். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனாளர் சிலரின் பெட்டி காலியானது. கூகுள் தன் கணினிகளில் வைத்திருந்த மற்ற பிரதிகளையும் அந்தப் பிழை விட்டுவைக்கவில்லை. கடைசியில் டேப்பிலிருந்துதான் கடிதங்கள் திரும்பி வந்தன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இரண்டு ஊரில் ஒரே தரவு இருந்தாலே போதாதா? போதாது. இங்கே தவறுதலாக ஒரு வரி அழிந்தால் அடுத்த நொடி அங்கேயும் அழியும். இரட்டைப் பிரதி தீக்கும் வெள்ளத்துக்கும் மருந்து. தப்பான அழிப்புக்கு மருந்து, நேற்றைய நிலையை அப்படியே உறைய வைத்திருக்கும் நகல்தான்.

ரோபோ நூலகர்

டேப் லைப்ரரி என்பது பீரோ மாதிரி ஒரு பெட்டி. உள்ளே பத்துக் கணக்கிலோ ஆயிரக் கணக்கிலோ கேசட் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் பார்கோடு. ஒரு ரோபோ கை அந்தப் பார்கோடைப் படித்து, கேட்ட கேசட்டை எடுத்து டிரைவில் செருகும், வேலை முடிந்ததும் திருப்பி வைக்கும். தஞ்சாவூர்க்காரர்கள் அரண்மனை வளாகத்துச் சரஸ்வதி மகாலை நினைத்துக்கொள்ளலாம். அங்கே சுவடிக் கட்டை எடுத்துக் கொடுப்பது மனிதர், இங்கே ரோபோ, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் கேசட்டும் ரோபோவும் மட்டும் இருந்தால் ஒன்றும் நடக்காது. சர்வரில் இருக்கும் உங்கள் சிட்டா டிரைவுக்கு வந்து சேர வழி வேண்டும். அந்த வழி, கண்ணாடி இழைக் கேபிள்களும் நடுவில் ஒரு ஸ்விட்சும். ஸ்விட்ச் என்றதும் சுவரில் உள்ளது ஞாபகம் வரும். இது வேறு, இது கல்லணை மாதிரி. கல்லணையில் வரும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது இல்லையா? எந்த ஷட்டரை எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்தால்தான் உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர். அதுபோல எந்தச் சர்வர் எந்த டிரைவோடு பேசலாம் என்பதை ஸ்விட்சில் எழுதி வைக்கிறார்கள். இதற்கு ஜோனிங் என்று பெயர். எழுதாத பாதையில் ஒரு சொட்டுத் தரவும் போகாது.

இப்போது ஒரு டிரைவ் பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். நாடா ஓடி ஓடித் தேயும் உறுப்பு அது, மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுவது சுலபம், பழையதை உருவிப் புதியதைத் தள்ளினால் பத்து நிமிடத்தில் முடிந்தது. வினையே அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு டிரைவுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இடத்து முகவரி உண்டு. சில லைப்ரரிகளில் அந்த முகவரி டிரைவ் உட்காரும் இடத்துக்குச் சொந்தம். அங்கே கவலையில்லை. மற்றவற்றில் டிரைவ் மாறினால் முகவரியும் மாறும். ஸ்விட்சில் பழைய முகவரியே இருந்தால், புது டிரைவ் பச்சை விளக்கோடு ஜம்மென்று உட்கார்ந்திருக்கும், சர்வருக்கு மட்டும் அது கண்ணில் படாது. ஷட்டரைப் புதிதாக மாட்டிவிட்டு மடையைத் திறக்க மறந்த கதை.

இதைவிடச் சிக்கலான ஒன்று, வரிசை. ரோபோ ‘மூன்றாம் டிரைவில் வைத்துவிட்டேன்’ என்கிறது. சர்வரோ தன் பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் வேறொரு டிரைவைத் திறந்து பார்த்துவிட்டு, ‘கேசட் வரலையே’ என்று காத்திருக்கிறது. கேபிளை ஒரு துளை தள்ளிச் செருகினாலும், மறுதொடக்கத்தில் வரிசை புரண்டாலும் இப்படி ஆகும். அதனால் விவரமான பொறியாளர்கள் வரிசை எண்ணை நம்புவதில்லை. டிரைவின் வரிசைத் தொடர் எண்ணையே லைப்ரரியிலும் சர்வரிலும் ஒப்பிட்டுப் பெயர் கட்டிவிடுவார்கள்.

முறையாக நடக்கும் பராமரிப்பு இரவு எப்படி இருக்கும்? முதலில் ஓடிக்கொண்டிருக்கும் நகலெடுப்பு முடியும்வரை காத்திருப்பார்கள். டிரைவில் இருக்கும் கேசட்டை அதன் இடத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். ஸ்விட்சில் இப்போதுள்ள அமைப்பை ஒரு கோப்பாகச் சேமிப்பார்கள். ஏதாவது சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் வழி. கண்ணாடி இழையின் முனையைத் துடைக்காமல் செருகவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும், ஒளி மங்கி வேகம் படுத்துவிடும். வேகம் குறைந்தால் டேப்புக்கு ஆகாது. நொடிக்குச் சில நூறு மெகாபைட் எழுதிக்கொண்டே ஓட வேண்டிய நாடா, தரவு வராமல் நின்று, பின்னால் சுற்றி, மறுபடி முன்னால் ஓடி, இப்படியே தேய்ந்துபோகும்.

பிறகு புது முகவரியை ஜோனில் சேர்த்து, சர்வரை மறுபடி தேடச் சொல்லி, சோதனைக்கு ஒரு கோப்பை எழுதுவார்கள். எழுதினால் மட்டும் போதாது. அதைத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த ஒரு வேலைக்காகவே பராமரிப்பு நேரத்தில் பாதியை ஒதுக்கலாம்.

கேசட்டின் தலைமுறையும் கவனிக்க வேண்டிய விஷயம். ஒன்பதாம் தலைமுறை டிரைவ் எட்டையும் ஒன்பதையும் மட்டுமே படிக்கும். பழைய டிரைவை எல்லாம் கழித்துவிட்டால், ஆறாம் தலைமுறைக் கேசட் பத்திரமாக இருந்தும் பயனில்லை. டிரைவை மாற்றும் முன்பே பழைய கேசட்டில் உள்ளதைப் புதியதற்கு மாற்றி எழுதிவிட வேண்டும்.

நமக்கு என்ன?

டேப் லைப்ரரியில் வேலை நடந்தால் உங்கள் போனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. சிட்டா வழக்கம்போல வரும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நகலெடுப்பு பத்து நாளாக நின்று போயிருந்தாலும் வெளியே யாருக்கும் தெரியாது. மூலம் போன அன்றைக்குத்தான் தெரியும்.

தென் கொரியாவில் அப்படி ஒரு நாள் வந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் பேட்டரிகளை இடம் மாற்றும் பணியின்போது தீப்பிடித்தது. 709 அரசுக் கணினி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ‘ஜி-டிரைவ்’ முழுதாக எரிந்தது. அதில் இருந்தது 858 டெராபைட். அளவு பெரியது என்பதால் வெளி நகல் எடுக்கப்படவில்லை. ஒரு சின்னக் கணக்கு: 858-ஐ 18-ஆல் வகுத்தால் 48 கேசட். 25 கிலோ அரிசிப் பையில் தாராளமாக அடங்கிவிடும்.

நம் டெல்டாவுக்கு இதெல்லாம் தூரத்துக் கதை இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா, கூரையோடு சேர்த்துப் பெட்டியில் இருந்த பத்திரத்தையும் நனைத்துவிட்டுப் போயிருந்தால், அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சுவது அரசிடம் இருக்கும் பிரதிதான்.

நீங்கள் செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. சிட்டா, வில்லங்கச் சான்று, வருமானச் சான்று எதுவானாலும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். பி.டி.எஃப். ஆக இறக்கி வையுங்கள். போனில் மட்டும் வைக்காமல் மெயிலுக்கும் ஒன்று அனுப்பி, ஒரு பிரிண்ட் எடுத்து வீட்டில் வையுங்கள். டிஜிலாக்கரில் கிடைக்கும் ஆவணங்களை அதிலும் சேர்த்துக்கொள்ளலாம். காப்பீடு போன்ற கெடு உள்ள வேலைக்கு நவம்பர் 14 இரவு உட்காராதீர்கள். அன்றைக்கு எல்லோரும் உட்காருவார்கள், சர்வர் திணறத்தான் செய்யும்.

பணம் கட்டும்போது ‘பராமரிப்பு’ என்று திரை நின்றுவிட்டால் உடனே இரண்டாம் முறை கட்ட வேண்டாம். விண்ணப்ப எண்ணைக் குறித்துவைத்து, கொஞ்ச நேரம் கழித்து நிலையைப் பாருங்கள். ‘உங்க பட்டா டேட்டா அழிஞ்சுபோச்சு, ஓ.டி.பி. சொன்னா மீட்டுத் தர்றோம்’ என்று யாராவது போன் செய்தால் அது மோசடி. டேப்பிலிருந்து தரவை மீட்க யாருடைய ஓ.டி.பி.யும் தேவையில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு, பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். சேவை குறித்த குறையென்றால் முதல்வரின் முகவரி, 1100.