கல்லீரலும் கால்மோடுலினும்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி ஓடுகிறது. அதில் கரைந்துள்ள சர்க்கரை எவ்வளவு என்று எண்ணுகிறீர்கள்? ஏறத்தாழ 5 கிராம். ஒரு தேக்கரண்டி அளவே. மூளை ஒன்றே ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய அவ்வளவு சர்க்கரையைச் செலவிட்டுவிடும். ஆயினும், இரவு உண்டு உறங்கிய நாம் காலையில் தெளிந்த அறிவோடு எழுகிறோம். இடைப்பட்ட நேரத்தில் மூளைக்குச் சர்க்கரையை அளந்து கொடுத்தது யாது? அதுவே கல்லீரல்.

உண்டவுடன் குருதியில் பெருகும் சர்க்கரையைக் கல்லீரல் ஈர்த்து, சங்கிலிபோல் கோத்துச் சேமிக்கிறது. அச்சேமிப்புப் பொருளுக்குக் கிளைக்கோஜன் என்று பெயர். பிரான்சு நாட்டு அறிஞர் கிளாடு பெர்னார்டு 1857ஆம் ஆண்டில் அதனைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நன்றாக உண்டபின் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம் கிளைக்கோஜன் இருக்கும்.

களஞ்சியத்தில் நெல் இருந்தால் மட்டும் போதாது. வேண்டும்பொழுது திறக்கவும், வேண்டாதபொழுது மூடவும் ஆள் வேண்டும். கிளைக்கோஜன் சங்கிலியை அறுக்கும் நொதி பாஸ்பரிலேஸ் எனப்படும். அது பெரும்பாலும் செயலற்றுக் கிடக்கிறது. பாஸ்பரிலேஸ் கைனேஸ் என்னும் மற்றொரு நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டைப் பொருத்தியதும் அது விழித்தெழுந்து தன் தொழிலைத் தொடங்குகிறது. எட்மண்டு பிஷர், எட்வின் கிரெப்ஸ் என்னும் இருவரும் இவ்வுண்மையை 1950களில் அமெரிக்காவிலுள்ள சியாட்டில் நகரில் கண்டறிந்தனர். அதன் பொருட்டு 1992இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

எழுப்பும் நொதியை எழுப்புவது யாது? விடை, சுண்ணாம்பிலும் எலும்பிலும் உள்ள கால்சியமே. உயிரணுவின் வெளியே உள்ள நீரில் கால்சியம் மிகுதி; அணுவினுள்ளோ அதில் பதினாயிரத்தில் ஒரு பங்கே உண்டு. புகுந்த கால்சியத்தை அணு இடைவிடாது வெளியே இறைக்கிறது; ஒரு பகுதியை உள்ளேயே நுண்ணிய பைகளில் அடைத்தும் வைக்கிறது. இத்துணை முயன்று அதனை விலக்குவது ஏன் எனின், அமைதி நிலவும் ஊரில்தான் பறையொலி தெளிவாகக் கேட்கும்.

அச்சம் நேரும்பொழுது சுரக்கும் அட்ரினலின் கல்லீரல் அணுவின் மேலுறையில் வந்து பொருந்துகிறது. உடனே உறையிலிருந்து ஒரு சிறு மூலக்கூறு பிரிந்து உட்சென்று, அந்நுண்பைகளின் வாயில்களைத் திறக்கிறது. சில நொடிகளில் அணுவினுள் கால்சியம் பன்மடங்கு பெருகுகிறது.

ஆனால், கால்சியம் தானே சென்று நொதியை எழுப்புவதில்லை. அதனை ஏற்கும் புரதம் ஒன்று நடுவே நிற்கிறது. அதுவே கால்மோடுலின். 148 அமினோ அமிலங்களால் ஆன சிறிய புரதம் அது. இரு முனைகளிலும் உருண்டை கொண்ட கோல் போன்ற வடிவமும், ஒவ்வோர் உருண்டையிலும் இரண்டு குழிகளும் அதற்கு உண்டு. குழிகளில் கால்சியம் அமர்ந்ததும் புரதத்தின் வடிவம் மாறுகிறது. பிற நொதிகள் பலவற்றைக் கால்மோடுலின் கால்சியம் பெற்ற பின்னரே சென்று பற்றுகிறது. பாஸ்பரிலேஸ் கைனேஸிலோ அது எப்பொழுதும் பிரியாத ஓர் உறுப்பாகவே பதிந்துள்ளது. ஆதலின், கால்சியம் பெருகிய அளவிலே அதன் வடிவம் மாற, நொதியும் காலந்தாழ்த்தாது விழித்துக்கொள்கிறது. அதே வேளையில் கால்மோடுலின் வேறொரு நொதியின் வாயிலாகக் கிளைக்கோஜனைக் கோக்கும் வேலையையும் தளர்த்துகிறது. ஒருபுறம் கோத்துக்கொண்டே மறுபுறம் அறுப்பது வீண் உழைப்பன்றோ?

இப்புரதம் அகப்பட்ட வரலாறு சுவையானது. அமெரிக்காவில் வை யூ சங் என்பார் மூளையிலுள்ள வேறொரு நொதியைத் தூய்மைப்படுத்திக்கொண்டிருந்தார். தூய்மை கூடக் கூட நொதியின் ஆற்றல் குறைந்தது! கழித்து ஒதுக்கிய பகுதியை மீண்டும் சேர்த்தபொழுது ஆற்றல் திரும்பியது. கழிவென்று கருதியதில் நொதியைத் தூண்டும் பொருள் ஒன்று இருந்தது. கொதிக்கவைத்தும் அது கெடவில்லை. 1970இல் அவர் இதனை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜப்பானில் ஷீரோ காக்கியுச்சியும் தனியே அதனைக் கண்டார். பாஸ்பரிலேஸ் கைனேஸினுள்ளும் இப்புரதமே உறைகிறது என்பது 1978இல் முயலின் தசையை ஆய்ந்தபொழுது புலனாயிற்று.

இவ்வொழுங்கில் ஓரிடம் பழுதுபட்டால் நேர்வதை மருத்துவர்கள் சில குழந்தைகளிடம் கண்டுள்ளனர். அவர்களிடம் கால்மோடுலினுக்குக் குறைவில்லை. ஆனால், அது பதிந்திருக்கும் கைனேஸின் மற்றோர் உறுப்பு பிறவியிலேயே பழுதாக இருக்கும். கால்சியம் செய்தி கொணர்ந்தும் களஞ்சியம் செவ்வனே திறப்பதில்லை. கிளைக்கோஜன் தேங்கிக் கல்லீரல் பருக்கும், வயிறு முன்தள்ளும், வளர்ச்சி தாமதப்படும். நிறைந்த களஞ்சியத்தை உள்ளே வைத்துக்கொண்டே, சற்று நேரம் உணவு தவறினாலும் குழந்தை சோர்ந்துவிடும். ஆண் குழந்தைகளிடமே இக்குறை மிகுதியாகக் காணப்படுகிறது. இத்தகைய குழந்தைகளுக்கு அடிக்கடி உணவு ஊட்டுவதோடு, படுக்குமுன் வேகவைக்காத மக்காச்சோள மாவை நீரில் கரைத்துக் கொடுப்பதும் உண்டு. பச்சை மாவு மெல்லச் செரிப்பதால், விடியும் வரை சர்க்கரை சிறிது சிறிதாகக் குருதியில் சேர்ந்துகொண்டிருக்கும். வயது ஏற ஏற, பெரும்பாலோர்க்கு இத்துன்பம் தணிந்துவிடுகிறது.