சினைப்படுத்தலின் பலனைப் பாலால் அறிதல்

கட்டைபறிச்சானிலும் அதனை அடுத்த மூதூர்க் கிழக்குக் கிராமங்களிலும் நெல்லும் காய்கறியும் செய்யும் குடும்பங்கள் பலவற்றில் ஒன்றிரண்டு பசுவோ எருமையோ உண்டு. உழவு இயந்திரம் வந்தபின் ஏர்மாட்டின் தேவை அருகிவிட்டது. ஆயினும் மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்கு எருவும், பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையே கைச்செலவுக்குப் பாலும் தயிரும் இவற்றாலேயே கிடைக்கின்றன. 2006ஆம் ஆண்டு இடப்பெயர்வில் பட்டியை இழந்து, மீள வந்து ஒரே ஒரு நாகுடன் மறுபடி தொடங்கிய குடும்பத்துக்கு அந்த ஒன்று கன்று ஈனாமல் ஓராண்டு கழிவது சிறு நட்டமன்று.

செயற்கை முறைச் சினைப்படுத்தலைச் செய்வித்த கமக்காரர் அதன் பலனை இரண்டு வழிகளால் அறிவது வழக்கம். ஒன்று, 21 நாள் அளவில் வேட்கை திரும்புகிறதா எனப் பார்த்திருத்தல். மற்றொன்று, இரண்டு மாதம் சென்றபின் கால்நடை வைத்தியர் மலக்குடல் வழியாகக் கைவிட்டுக் கருப்பையைத் தடவிப் பார்த்தல். முதலாவது வழி பசுவுக்கு ஓரளவு உதவும்; எருமைக்கு உதவுவது அரிது. எருமையின் வேட்கை பெரும்பாலும் இரவிலே, ஓசையின்றி வந்து போகும். வேட்கையைக் காணவில்லை என்பதால் எருமை சினையாயிற்று என்று கொள்வோர் பலர். பின்னர் வைத்தியர் வந்து வெறுங் கருப்பை என்று கூறும்போது மூன்று வேட்கைகள் கடந்துபோயிருக்கும். பாலில் உள்ள ஓமோனை அளந்தால் இச்செய்தியை மூன்று வாரமளவில் அறியலாம்.

மஞ்சட்சடலமும் அதன் ஓமோனும்

வேட்கை முடிந்து சில மணி நேரத்தின்பின் சூலகத்திலிருந்து முட்டை வெளியேறும். முட்டை இருந்த இடத்தில் மஞ்சள் நிறமான ஒரு சிறு கட்டி வளரும். இதுவே மஞ்சட்சடலம் எனப்படும். இது சுரக்கும் புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோன் கருப்பையைக் கருவுக்கு ஏற்றதாக ஆக்குகின்றது. விலங்கு சினையாகாவிடின், ஏறத்தாழ 17ஆம் நாளில் கருப்பை தானே புரொஸ்தாகிளாண்டின் என்னும் வேறொரு பொருளை அனுப்பி மஞ்சட்சடலத்தைக் கரைத்துவிடும்; புரொஜெஸ்தரோன் தாழ்ந்து, 21ஆம் நாளில் மறுபடி வேட்கை தோன்றும். சினையாயின், முளையம் அவ்வாறு கரையவிடாது தடுக்கும். ஆதலால் பசுவில் ஏறத்தாழ 280 நாளும் எருமையில் ஏறத்தாழ 310 நாளும் நீடிக்கும் சினைக்காலத்தில், ஈனுவதற்குச் சற்று முன்புவரை அவ்வோமோன் உயர்ந்தே நிற்கும்.

இரத்தத்திலுள்ள இவ்வோமோன் பாலிலும் இறங்குகின்றது. இதனை அளந்து பயன்படுத்தலாம் என்பதை 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆராய்ச்சியாளர் லேயிங், ஹீப் என்போர் காட்டினர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் சர்வதேச அணுசக்தி முகவரகமும் கூட்டாக இம்முறையை வெப்ப நாடுகளுக்குக் கொண்டுவந்தன. அணுசக்திக்கும் எருமைப் பாலுக்கும் என்ன உறவு என்று சிலர் ஐயுறக்கூடும். கதிர் வீசும் அயடீன் சேர்த்த மிகச் சிறிதளவு ஓமோன் ஆய்வுகூடத்தின் குழாயில் மட்டுமே இடப்படும்; விலங்குக்கோ, வீட்டுப் பாலுக்கோ ஒன்றும் சேர்ப்பதில்லை. இக்காலத்தில் கதிரின்றி நிறமாற்றத்தால் அறியும் நொதியச் சோதனைகளும் உள்ளன. நம் நாட்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஒஸ்வின் பெரேராவும் அவரோடு பணியாற்றியோரும் கிராமத்து நாட்டெருமைகள் ஈன்றபின் சூலகம் மறுபடி தொழிற்படுவதை இவ்வாறு ஆராய்ந்து 1987இல் வெளியிட்டனர்.

மூன்று மாதிரிகள்

சினைப்படுத்திய நாளில் ஒன்று, 10 முதல் 12ஆம் நாளுக்குள் ஒன்று, 22 முதல் 24ஆம் நாளுக்குள் ஒன்று என மூன்று பால் மாதிரிகள் எடுத்தல் வேண்டும். கொழுப்பு நீக்கிய ஒரு லீற்றர் பாலில் ஏறத்தாழ 1 மைக்கிரோகிராம், அஃதாவது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கு மேல் இவ்வோமோன் இருப்பின் உயர்வு எனவும், அதில் மூன்றிலொன்றுக்குக் குறையின் தாழ்வு எனவும் கொள்வர்.

முதல் மாதிரி உயர்ந்திருப்பின் சினைப்படுத்தியது வேட்கைக் காலத்திலன்று என்பது உறுதி. விந்தும் கூலியும் வீண். அவ்விலங்கு முன்னரே சினையாக இருந்ததும் உண்டு. மூன்று மாதிரிகளும் உயர்ந்திருப்பின் அதனை ஐயுற்று வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். முதலாவதும் இரண்டாவதும் தாழ்ந்திருப்பின் சூலகம் பெரும்பாலும் உறங்குகின்றது. முதலாவது தாழ்ந்து, இரண்டாவது உயர்ந்து, மூன்றாவது மறுபடி தாழ்ந்ததாயின் வேட்கை சரியாகவே இருந்தது. கரு தரிக்கவில்லை, அல்லது தரித்து விரைவில் அழிந்தது. முதலாவது தாழ்ந்து மற்றை இரண்டும் உயர்ந்திருப்பின் சினை என நம்பலாம்.

நம்பலாம் என்றே கூறுகிறோம். மூன்றாவது மாதிரி தாழ்ந்திருப்பின் சினையில்லை என்ற தீர்ப்பு ஏறக்குறைய முழுதும் மெய்யாகும். உயர்ந்திருப்பின் சினை என்ற தீர்ப்போ நூற்றுக்கு எண்பது அளவிலேயே மெய்யாகும். சில விலங்குகளின் சுற்று 21 நாளிலும் நீண்டது. சிலவற்றில் கருப்பையிற் சீழ் தங்குவதால் மஞ்சட்சடலம் கரையாது நிற்கும். சிலவற்றில் 24ஆம் நாளின்பின் கரு அழியும். எனவே உயர்ந்த முடிவு கிடைத்தவர் இரண்டு மாதத்தின்பின் வைத்தியரின் கைச்சோதனையை விட்டுவிடலாகாது.

ஊசியும் ஓமோனும்

வேட்கைக்கு வராத மாட்டுக்கு ஊசி போடுங்கள் என்று கேட்போர் உளர். வழக்கமாக இடப்படும் புரொஸ்தாகிளாண்டின் ஊசி மஞ்சட்சடலத்தைக் கரைத்து இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் வேட்கையைக் கொண்டுவருவது. கரைப்பதற்கு மஞ்சட்சடலம் இல்லையேல் ஊசிக்கு வேலை இல்லை. பாலில் புரொஜெஸ்தரோன் தாழ்ந்திருக்கும் விலங்குக்கு இதனை இடுவது பணத்தை ஆற்றில் விடுவதே. உயர்ந்திருக்கும் விலங்குக்கு இது பலிக்கும். ஆனால் அவ்வுயர்வு சினையால் வந்ததாயின் கரு கலைந்துவிடும். ஓராண்டின் கன்றும் பாலும் ஓர் ஊசியாற் போய்விடும். ஆகையால் கடைசியாகச் சினைப்படுத்திய நாளையும், பட்டியில் நாம்பன் நின்றதா என்பதையும் வைத்தியருக்கு மறையாது கூறுங்கள். கருவுற்ற பெண்களும் தொய்வு நோயுடையோரும் இம்மருந்தைத் தொடலாகாது. தோலின் வழியாக அது உடலிற் சேரும்.

சூலகம் உறங்கும் விலங்குக்குப் புரொஜெஸ்தரோன் ஊட்டிய சாதனத்தை யோனியில் ஏழு முதல் பத்து நாள் வைத்து எடுப்பதுண்டு. எடுத்ததும் ஓமோன் சட்டென வீழ்ந்து வேட்கை தோன்றும். ஆயினும் விலா எலும்பு எண்ணத்தக்கதாய் மெலிந்த விலங்கில் இதன் பயன் சிறிதே. வயல் விதைத்ததும் பட்டிகள் தொலைவிலுள்ள மேய்ச்சல் நிலத்துக்குப் போவதும், சிறுபோக அறுவடையின்பின் வெறும் வைக்கோலே உணவாவதும், கன்று நாள் முழுதும் ஊட்டுவதும் சூலகத்தை உறங்கச் செய்வன. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாது மூடி ஏறத்தாழ ஒரு வாரம் வைத்துப் பின் உலரவிட்டுக் கொடுத்தால் உணவின் சத்து மிகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இதனைக் கொடுக்கவேண்டாம். யூரியாக் கரைசலை மாடு குடிக்க நேர்ந்தால் இறக்கும். கன்றைக் கறக்கும் நேரத்தில் மட்டும் ஊட்டவிடுதல் மற்றோர் உதவி. ஊசியைக் கேட்குமுன் இவ்விரண்டையும் செய்து பார்த்தல் நன்று என்பது எமது கருத்து.

மாதிரி எடுக்கும் முறை

ஓமோன் கொழுப்பிற் கரைவதால் முதற் பீச்சலிலும் கடைசிப் பீச்சலிலும் அதன் அளவு வேறுபடும். எருமைப் பாலில் இவ்வேறுபாடு பெரிது. ஆதலால் மூன்று முறையும் கறந்து கலந்த பாலிலிருந்தே இரண்டு தேக்கரண்டி அளவு எடுத்தல் நன்று. போத்தலில் இடப்படும் காப்பு வில்லை நஞ்சு. அப்பாலைப் பூனைக்கும் ஊற்றாதீர்கள். போத்தலின்மேல் விலங்கின் அடையாளத்தையும் திகதியையும் எழுதி, குளிர்ச்சியான இடத்தில் வைத்து ஒப்படையுங்கள். திகதி தவறின் அளவு எவ்வளவு சரியாயினும் பயனில்லை. இதற்கு ஆய்வுகூடம் வேண்டுமாதலின், மாதிரியை எங்கே எப்போது ஏற்பார்கள் என்று கால்நடை வைத்திய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்க.

காலையில் வேட்கை கண்ட பசுவை அன்று மாலையிலும், மாலையிற் கண்டதை மறுநாட் காலையிலும் சினைப்படுத்துவிக்க வேண்டும். எருமையாயின் கண்ணாடி போன்ற சளி, அடிக்கடி சிறுநீர் கழித்தல், பால் திடீரெனக் குறைதல் ஆகியவற்றை விடியுமுன்னும் இரவிலும் கவனியுங்கள். நாகுக்குப் பால் இல்லையாதலின் அதற்கு வைத்தியர் இரத்தம் எடுத்தே இவ்வோமோனை அளக்கச் செய்வார். நாட் கணக்கு இரண்டுக்கும் ஒன்றே.