கரியணுவின் பிறப்பு

பிரபஞ்சம் உயிர்கள் வாழ்தற்கென்றே அமைந்ததுபோலத் தோன்றுவதேன் என்பது பழைய வினா. முன்னையோர் மழையையும் ஞாயிற்றையும் சான்றாகக் காட்டினர். யாம் ஈண்டு எடுத்துக்கொள்வது கட்புலனாகாக் கரியணு ஒன்றே.

புல் முதல் மனிதன் ஈறாக நாமறிந்த உயிர்களின் உடலனைத்தும் கரியணுவைப் பற்றுக்கோடாகக் கொண்டவை. பிரபஞ்சத்தின் தொடக்கத்திலோ ஹைட்ரஜனும் ஹீலியமுமே மிக்கிருந்தன, கரி இல்லை. பின்னர் அது முதிர்ந்த விண்மீன்களின் உள்ளே, பத்துக் கோடி பாகை வெப்பத்தில் உண்டாயிற்று. மூன்று ஹீலியக் கருக்கள் கூடின் ஒரு கரிக்கரு ஆகும். கணக்கு எளிது, நிகழ்தல் அரிது. முதலிரண்டும் கூடிப் பிறக்கும் பெரிலியக் கரு, ஒரு நொடியைக் கோடியாற் கூறிட்டு, அக்கூறொன்றை மீண்டும் கோடியாற் கூறிட்ட காலமளவும் நில்லாது உடைந்துபோம். அதற்குள் மூன்றாவது வந்து சேர்தல் வேண்டும்.

1953-ஆம் ஆண்டில் ஆங்கில வானநூலார் பிரெட் ஹாயில் இதனை ஆராய்ந்தார். சுருதி கூடிய இரு தந்திகளுள் ஒன்றை மீட்ட மற்றொன்றும் அதிர்வதுபோல, கூடும் கருக்களின் ஆற்றலுக்கு இசைந்ததொரு நிலை கரிக்கருவினுள் இருந்தாலன்றி இத்துணைக் கரி உண்டாகாது என்று துணிந்தார். கலிபோர்னியா சென்று வில்லியம் பவுலரிடம் அதனைக் கூறினார். பவுலர் முதலில் ஐயுற்றார். ஆயினும் ஆங்குள்ளோர் சோதித்தபோது அந்நிலை அவர் குறித்த இடத்திலேயே காணப்பட்டது. அதன் அளவு 76.5 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்.

இதனினும் வியப்புடையது மற்றொன்று. கரிக்கரு மேலும் ஒரு ஹீலியத்தை ஏற்பின் பிராணவாயுவாக மாறிவிடும். அவ்விரண்டும் கூடுமிடத்து ஆற்றல் 71.6 லட்சம், பிராணவாயுக் கருவின் அண்மை நிலையோ 71.2 லட்சம். சுருதி சற்றே தாழ்ந்துவிட்டது, கரி பிழைத்தது!

இதனைக் கேட்டவுடன், கடவுள் உண்மைக்கு வேறு சான்று வேண்டா என்பார் நம்மிற் சிலர். யானும் சிருஷ்டிகர்த்தாவை விசுவாசிப்பவனே; ஆயினும் அவ்விசுவாசத்தை இவ்வெண்ணின்மேற் கட்டத் துணியேன். ஹாயில் அன்று தேடியது தனிமங்கள் தோன்றிய முறையையேயன்றிப் படைப்பின் நோக்கத்தையன்று. மேலும், அந்நிலை அறுபதாயிரம் எலக்ட்ரான் வோல்ட் இடம்பெயரினும் கரியின் அளவு பெரிதும் மாறாதென்று 1989-இல் கணித்துக் காட்டினர். மயிரிழை பிசகினும் உயிரில்லை என்னும் மேடைப் பேச்சு மிகையே.

பிராண்டன் கார்ட்டர் 1974-இல் வேறொரு விடை கூறினார். காண்போர் பிறத்தற்கேற்ற பிரபஞ்சத்திலன்றிப் பிறிதொன்றில் எவரும் இருந்து காணவியலாது. ஆதலின் அதனை இசைவுடையதாகக் காண்பதில் வியப்பில்லை என்பது அவர் கருத்து. இது மறுத்தற்கரியது. ஆயின், காண்பதேன் என்பதற்கே இது விடை. அவ்வாறு இருப்பதேன் என்பதற்கன்று. பிரபஞ்சங்கள் பலவென்போர் அதற்கும் விடை கூற முயல்வர். அவற்றுள் வேறொன்றையும் இதுகாறும் எவரும் கண்டதில்லை.

அணுக்கருவினுள்ளே உள்ள குவார்க்குகளின் நிறை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு மாறினும் கரி உண்டாகும் எனச் சில ஆராய்ச்சியாளர் 2013-இல் கணித்தனர். அதனினும் மிகுதியாக மாறின் என்னாகும் என்பது தெளிவில்லை. அந்நிறை அவ்வளவாக அமைந்ததன் காரணத்தைப் பௌதிக நூல் இன்னும் கூறிற்றில்லை.