இழைப்புளியின் வாய் எவ்வளவு திறந்திருக்க வேண்டும்?

புனே கேம்ப்பில் மரவேலை செய்பவருக்கு மரம் கிடைப்பதில் சிரமம் இல்லை. பக்கத்திலேயே பவானி பேட்டில் டிம்பர் மார்க்கெட்; கருவிகளுக்கு ரவிவார் பேட்டின் போஹ்ரி ஆளி. ஈட்டிப் பலகையை மேசைமேல் போட்டு இழைக்கும்போதுதான் சிரமம் தொடங்குகிறது. ஒரு சாண் தூரம் வழவழவென்று வந்த பரப்பு, அடுத்த சாணில் சிராய் சிராயாகப் பெயர்ந்து நிற்கும். பலகையைத் திருப்பிப் போட்டு மறுமுனையிலிருந்து இழைத்தால், முன்பு நன்றாக வந்த இடம் பெயரும்.

ஈட்டி வளரும் விதம் அப்படி. அதன் நார்கள் ஓர் அடுக்கில் இடப்பக்கமாகவும் அடுத்த அடுக்கில் வலப்பக்கமாகவும் முறுக்கிக்கொண்டு வளர்கின்றன. வேங்கையிலும் இதே பின்னல்தான். ஆகவே எந்தத் திசையில் இழைத்தாலும் பாதி நார்கள் எதிர்த்து நிற்கும். அங்கே பிளேடு மரத்தைச் சீவுவதற்கு முன்பே ஆப்புபோலப் பிளந்துவிடுகிறது. பிளவு கூர்முனையைத் தாண்டி முன்னே ஓடி, பரப்புக்குக் கீழே இறங்குகிறது.

அதைத் தடுப்பது இழைப்புளியின் வாய், அதாவது அடிப்பாகத்தில் பிளேடு வெளியே நீளும் திறப்பு. பிளேடுக்குச் சற்று முன்னால் உள்ள உதடு மரத்தை அழுத்திப் பிடிக்கிறது. உதடு நெருக்கமாக இருந்தால் சீவல் சட்டென்று மடங்கி முறியும், பிளவு நீள வழியில்லை. மெல்லிய கடைசி இழைப்புக்கு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஜெராக்ஸ் தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் என்பதால், ஒன்றிரண்டு தாள்களை வைத்தே அளந்துவிடலாம். ஆனால் கரடுமுரடான பலகையைத் தட்டையாக்கத் தடித்த சீவல் எடுக்கும்போது, இதே நெருக்கமான வாய் அடைத்துக்கொள்ளும்.

பழைய மர இழைப்புளிகளில் இந்த அளவை மாற்ற முடியாது. அடிப்பாகம் தேயத் தேய வாய் அகன்றுகொண்டே போகும். கடினமான மரத்துண்டைப் பதித்துத்தான் சரிசெய்ய வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் லியோனார்ட் பெய்லி வடிவமைத்த இரும்பு இழைப்புளியில் பிளேடைத் தாங்கும் மேடையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். அதற்குப் பிளேடைக் கழற்றி, இரண்டு திருகுகளைத் தளர்த்தி, மீண்டும் பூட்ட வேண்டும். ஸ்டான்லி நிறுவனத்தின் பெட்ராக் வகையில் 1911க்குப் பிறகு பிளேடைக் கழற்றாமலே மேடை நகர்ந்தது. ஆனால் நகரும்போது வெட்டும் ஆழமும் மாறிவிடும்.

எளிய வழி வேறு. சிறிய பிளாக் இழைப்புளிகள் பலவற்றிலும், ஸ்டான்லி 1905இல் கொண்டுவந்த 62ஆம் எண் இழைப்புளியிலும் அடிப்பாகத்தின் முன்துண்டே நகரும். முன்குமிழைத் தளர்த்தி, தள்ளி, இறுக்கினால் போதும். பிளேடு அசையாது, ஆழமும் மாறாது.

இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? இழைப்புளியின் வகையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஜப்பானின் யமகட்டா பல்கலைக்கழகத்தில் கவாய், கட்டோ இருவரும் சீவல் உருவாவதைப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். பிளேடின்மேல் பொருந்தும் இரண்டாவது இரும்பைக் கூர்முனையிலிருந்து 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கினால் பெயர்வது வெகுவாகக் குறையும் என்று அந்தப் படங்கள் காட்டின. எனவே இப்படி இரட்டை இரும்பு உள்ள, பெய்லி வகை நான்காம் எண் இழைப்புளி வாங்குபவர் வாயைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ரெக்கார்ட் அல்லது ஸ்டான்லி நிறுவனத்தின் பழைய இழைப்புளி அகப்பட்டால் அதுவே போதும்.

62ஆம் எண் வகையில் அந்த இரண்டாவது இரும்பே இல்லை. பிளேடு 12 டிகிரியில் படுத்திருக்கும், அதன் முனையில் தீட்டிய சரிவு மேல்நோக்கி இருக்கும். சரிவை 25 டிகிரியில் தீட்டினால் வெட்டுக்கோணம் 37. ஈட்டிக்கு 38 டிகிரியில் தீட்டிய இன்னொரு பிளேடை வைத்தால் 50. உயர்ந்த கோணமும் நெருக்கமான வாயும் மட்டுமே இங்கே பாதுகாப்பு. இந்த வகையை வாங்கும்போது எளிதில் நகரும் வாய்க்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

கடையிலேயே முன்துண்டை முழுக்க நகர்த்திப் பார்ப்பது அவசியம். எந்த நிலையிலும் அது அடிப்பாகத்தோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். வாயின் விளிம்பு பிளேடுக்கு இணையாக நிற்க வேண்டும். இறுக்கியபின் துளியும் ஆடக் கூடாது. அதோடு, வாயை நெருக்கும்போது உதடு கூர்முனையில் மோதினால் முனை உடைந்துவிடும். கனடாவின் வெரிட்டாஸ் இழைப்புளிகளில் அதைத் தடுக்கத் தனியாக ஒரு சிறு திருகே வைத்திருக்கிறார்கள். அது இல்லாத கருவியில் முதலில் ஆழத்தை அமைத்துவிட்டு, பிறகு முன்துண்டை மெதுவாக உள்ளே தள்ள வேண்டும்.