10 வாரம் சார்ஜ் நிக்குமா? கிண்டில், டேப்லெட் பேட்டரி கணக்கு!

கிண்டில் வாங்கலாமா, டேப்லெட் வாங்கலாமா என்ற குழப்பத்தில் முதலில் கண்ணில் படுவது பேட்டரிதான். ஒன்றில் '10 வாரம்', இன்னொன்றில் '10 மணி நேரம்'. 'இதுல யோசிக்க என்ன இருக்கு?'ன்னு தோணும். கொஞ்சம் பொறுங்க பாஸ், அந்த 10 வாரத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கு.

2021-ல் வந்த கிண்டில் பேப்பர்வொயிட்டுக்கு அமேசான் சொன்னது, அதிகபட்சம் 10 வாரம். ஆனா, தினமும் அரை மணி நேரம்தான் படிக்கணும், வைஃபை ஆஃப்ல இருக்கணும், லைட் 13-ல இருக்கணும். 70 நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்றால் மொத்தமே 35 மணி நேரம். தினமும் மூணு மணி நேரம் படிக்கிற ஆள் 12-வது நாள் சார்ஜரைத் தேடணும். அதுவும் மோசமில்லைதான்!

காரணம், இ-இங்க் திரை பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் எடுக்கும். ஒரே பக்கத்தை 10 நிமிஷம் முறைச்சுப் பார்த்தாலும் திரைக்குச் செலவில்லை. சார்ஜைத் தின்பது லைட்டும் வைஃபையும்தான். பகல் வெளிச்சத்தில் லைட்டை அணைச்சுட்டுப் படிச்சா இன்னும் நாள் தாங்கும்.

டேப்லெட் அப்படியில்லை. திரை ஒளிரும் ஒவ்வொரு நொடியும் பேட்டரி கரையும். 2010-ல் முதல் ஐபேட் வந்தபோது ஆப்பிள் சொன்னது 10 மணி நேரம். இப்பவும் அதேதான் சொல்லுது. சிப் மாறிடுச்சு, திரை மாறிடுச்சு, இந்த நம்பர் மட்டும் அசையலை. ராத்திரி தலைமாட்டிலேயே பிளக் பாயின்ட் இருக்கிறவங்களுக்கு அதுவே தாராளம்.

நாலு பேருக்கு ஒரு பிளக் இருக்கிற ஹாஸ்டல் ரூம்னா கதை வேற. ரயிலும் அப்படித்தான். ராத்திரி 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சார்ஜிங் பாயின்ட்டை அணைத்துவைக்க 2021-ல் ரயில்வே முடிவெடுத்தது. எக்மோரில் ஏறி திருநெல்வேலிக்குப் போகிறவர் இதையும் கணக்கில் வெச்சுக்கணும்.

அதுக்காக எல்லாரும் கிண்டில் பக்கம் ஓட வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிக்கிறவங்க கையில் இருப்பது பெரும்பாலும் ஏ4 சைஸ் பி.டி.எஃப். அதை ஆறு, ஏழு இன்ச் திரையில் பெரிதாக்கி, நகர்த்தி, மறுபடி பெரிதாக்கிப் படிக்கிறதுக்குள் பொறுமை போயிடும். 35 மணி நேரம் பேட்டரி இருந்து என்ன பிரயோஜனம்? இவங்களுக்கு டேப்லெட்தான் சரி.

செகண்ட் ஹேண்ட் டேப்லெட் வாங்குறீங்களா? 10 மணி நேரம் என்பது புதுசா இருந்தப்போ சொன்னது. நீங்க வழக்கமா வைக்கிற பிரைட்னஸில், வைஃபையில் அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டுப் பாருங்க. 5, 6 சதவிகிதம் இறங்கினா தைரியமா வாங்கலாம். 15 இறங்கினா, நீங்க காசு கொடுக்கப்போறது மூணு மணி நேரச் சொச்சம் தாங்குற டேப்லெட்டுக்கு!