சாலைக்கு அடியில் சுரங்கம்... மேலே மண் சரியாமல் இருப்பது எப்படி? கணினி போடும் கணக்கு இதுதான்!

2017 ஏப்ரல் 9. சென்னை அண்ணா சாலையில் சர்ச் பார்க் பள்ளி அருகே திடீரென விழுந்த பள்ளத்தில் மாநகரப் பேருந்தும் ஒரு காரும் சிக்கின. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை. அப்போது அந்தச் சாலைக்கு அடியில் மெட்ரோ சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்தது.

அடுத்து 118.9 கி.மீ. நீளத்துக்கு இரண்டாம் கட்ட மெட்ரோ பணி தொடங்கியது. அதிலும் சுரங்கப் பாதை உண்டு. அப்படின்னா மேலே இருக்கிற வீடுகளுக்கு என்ன பாதுகாப்பு?

உறை கிணறு தெரியுமா?

கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்களில் மணலில் வெறும் குழியாகக் கிணறு தோண்ட முடியாது, சரிந்துவிடும். அதனால் தோண்டத் தோண்ட சிமென்ட் உறைகளை இறக்குவார்கள். அந்த உறை கிணற்றைப் படுக்க வைத்தால், அதுதான் மெட்ரோ சுரங்கம்!

டிபிஎம் எனப்படும் இயந்திரத்தின் உடல் ஒரு பெரிய இரும்புக் குழாய். இதுதான் 'ஷீல்ட்'. முன்னால் சுழலும் வெட்டுத் தலை மண்ணைக் குடையும். குழாய்க்குள்ளேயே கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பூட்டுவார்கள். அந்த வளையத்தை உந்தித் தள்ளியே இயந்திரம் முன்னேறும்.

ஆபத்து எங்கே?

வெட்டும் முகப்பில். அங்கே கொடுக்கும் அழுத்தம் குறைந்தால் மண்ணும் நீரும் உள்ளே சரியும். கூடினால் தரை மேலே எழும்பும். பழைய போர்வெல் வழியாக நுரையும் சேறும் வெளியேறலாம்.

6.6 மீட்டர் விட்டமுள்ள இயந்திரம் ஒரு மீட்டர் நகர்ந்தால், சுமார் 34 கன மீட்டர் மண் வெளியேறும். அதில் 1% மட்டும் கூடுதலாக எடுத்துவிட்டால்? சுமார் 340 லிட்டர், அதாவது 17 தண்ணீர் கேன் அளவுக்கு வெற்றிடம். ஒவ்வொரு மீட்டருக்கும் இப்படியே போனால் மேலே தரை இறங்கத்தானே செய்யும்!

கணினி என்ன செய்கிறது?

சுரங்கத்தைச் சுற்றியுள்ள நிலத்தை ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். 'ஃபைனைட் எலிமென்ட்' முறை என்று இதற்குப் பெயர். மண்ணின் உறுதி, நிலத்தடி நீர்மட்டம், மேலே உள்ள கட்டடத்தின் எடை ஆகியவற்றைக் கொடுத்து, கணினியிலேயே படிப்படியாகச் சுரங்கம் தோண்டிப் பார்ப்பார்கள். எவ்வளவு அழுத்தம் தேவை, எந்த வீடு எத்தனை மில்லிமீட்டர் இறங்கலாம் என்று முன்கூட்டியே தெரியும்.

பிறகு ஏன் பள்ளம் விழுகிறது?

மண் விவரம் துளையிட்டு எடுத்த இடங்களில் மட்டுமே உறுதி. இரண்டு துளைகளுக்கு நடுவே இருப்பது அனுமானம்தான். சென்னையில் மணல், களிமண், பாறை எல்லாம் அடுத்தடுத்து வரும். முகப்பின் கீழ்ப்பாதி பாறை, மேல்பாதி மணல் என்றால் இன்னும் சிக்கல். பாறையை வெட்ட இயந்திரம் மெதுவாகும். அதற்குள் மேலே இருக்கும் மணல் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிடும்.

இது சென்னைப் பிரச்சினை மட்டுமல்ல. ஜெர்மனியின் ராஸ்டாட்டில் 2017 ஆகஸ்டில் சுரங்கத்துக்கு மேலே தண்டவாளம் இறங்கியதால், முக்கிய ரயில் பாதை சுமார் 7 வாரம் மூடப்பட்டது.

அதனால்தான் சாலையிலும் சுவர்களிலும் அளவீட்டுக் குறிகள் வைக்கப்படுகின்றன. கணக்கைவிட அதிகமாகத் தரை இறங்கினால், அழுத்தத்தை மாற்றி, கணக்கையும் திரும்பப் போடுவார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்க வீட்டுக்கு அடியில் சுரங்கம் வருதா? ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். புது விரிசல் தெரிந்தால் உடனே புகார் கொடுங்கள். கொல்லையில் மூடிய பழைய கிணறோ போர்வெல்லோ இருந்தால், ஆய்வுக்கு வருபவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள். யாரும் சொல்லாவிட்டால் அது கணினிக்குத் தெரியாது!