கழல மறுக்கும் ஃபில்டர்

கேமரா லென்ஸின் முன் விளிம்பில், குறுக்குக் கோடு போட்ட ஒரு சிறு வட்டக் குறியும் பக்கத்தில் 77 என்ற எண்ணும் இருந்தால், அதில் 77 மி.மீ. ஃபில்டர் பொருந்தும் என்று அர்த்தம். அந்த அளவு ஃபில்டர் ஒன்றைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணாடியைத் தாங்கும் மெல்லிய வளையத்துக்குக் கீழே சில சுற்று மரைதான் இருக்கும். ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.75 மி.மீ.

வளையத்தின் சுற்றளவு சுமார் 242 மி.மீ. ஒரு முழுச் சுற்று திருகினால் ஃபில்டர் உள்ளே இறங்குவது முக்கால் மில்லிமீட்டர் மட்டுமே. அதாவது மரையின் சரிவு கிட்டத்தட்ட சமதளம். சாதாரண 6 மி.மீ. போல்ட்டின் மரை இதைவிட 17 மடங்கு செங்குத்தானது. சரிவு குறையக் குறைய, அதே விசைக்கு இறுக்கம் கூடும். விரல் நுனியால் கடைசியாக ஒரு திருகு கொடுத்தாலே போதும், வளையம் லென்ஸ் விளிம்பில் பலமாக அழுந்திவிடும். வளையமும் அலுமினியம், லென்ஸ் விளிம்பும் அலுமினியம் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அழுத்தத்தில் உரசும் இரண்டு அலுமினியப் பரப்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இடையில் கடற்கரை மணல் ஒரு துகள் சிக்கினால் நிலைமை இன்னும் மோசம். பித்தளை வளையம் உள்ள ஃபில்டருக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீணல்ல என்று நான் நினைப்பது இதனால்தான். பித்தளை அலுமினியத்தை அவ்வளவு எளிதில் கவ்வாது.

ஆனால் ஃபில்டர் கழலாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் நம் கைதான். வரவில்லை என்றதும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிரே நின்று வளையத்தை நசுக்குகின்றன. மெல்லிய தங்க வளையலை இரண்டு பக்கமும் அழுத்தினால் எப்படி நீள்வட்டமாகுமோ, அப்படியே இந்த வளையமும் கண்ணுக்குத் தெரியாத அளவில் நெளிகிறது. விரல் அழுத்தும் இடத்தில் உள்ளே போகிறது. அதற்குக் குறுக்கே உள்ள இரண்டு இடங்களில் வெளியே தள்ளி, லென்ஸின் மரைக்குள் ஆப்பு வைத்ததுபோல் சிக்குகிறது. இன்னும் பலமாகப் பிடித்தால் இன்னும் பலமாகச் சிக்கும். வலிமையான கைக்கு வராத ஃபில்டர் சில நேரம் ஒரு சிறுவனின் கைக்கு வந்துவிடுவது இப்படித்தான்.

ஆகவே வளையத்தின் வட்டம் கெடாமல் திருப்புவதே வழி. லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றிப் பின்மூடியைப் போடுங்கள். மௌஸ் பேடின் ரப்பர் பக்கத்தையோ, சுத்தமான ரப்பர் ஷீட்டையோ ஃபில்டரின் முகத்தில் வைத்து, உள்ளங்கையை விரித்து, விளிம்பு முழுக்க ஒரே சீராகப் படும்படி அழுத்துங்கள். வழுக்காத அளவு அழுத்தம் போதும். லென்ஸின் முன்பக்கம் நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்புங்கள். திடீரென்று வெட்டி இழுக்க வேண்டாம். பெரும்பாலான ஃபில்டர்கள் இதிலேயே வந்துவிடும்.

வராவிட்டால், வளையத்தைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்டையோ சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய பட்டையையோ போட்டு, ஐந்து விரல்களையும் பரப்பிப் பிடித்துத் திருப்பலாம். ஃபில்டர் ரென்ச் என்று பிளாஸ்டிக்கில் ஒரு ஜோடி கடைகளில் கிடைக்கிறது. வளையத்தின் பெரும்பகுதியைச் சுற்றிப் பிடிப்பதால் விசை ஒரே இடத்தில் குவியாது. ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட இரண்டு ஃபில்டர்கள் ஒட்டிக்கொண்டால் இந்த ஜோடி இல்லாமல் பிரிப்பது சிரமம்.

மறு கை எதைப் பிடிக்கிறது என்பதும் முக்கியம். சில பழைய கிட் லென்ஸ்களில் ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதியே சுழலும். அவற்றில் லென்ஸின் அடியைப் பிடித்துக்கொண்டு ஃபில்டரைத் திருகினால், அந்த முறுக்கு முழுவதும் உள்ளே இருக்கும் சிறிய பல்சக்கரங்களின் மேல் போகும். ஃபில்டருக்கு நேர் பின்னால் உள்ள பகுதியைப் பிடிக்க வேண்டும். போலரைசர் என்றால் அதில் இரண்டு வளையம். முன் வளையம் தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். மரை உள்ள பின் வளையம் குறுகலானது, அதைத்தான் பிடிக்க வேண்டும். உள்ளங்கை முறை போலரைசருக்கு உதவாது.

ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. இரண்டும் அலுமினியம் என்றால் இரண்டும் ஒரே அளவு சுருங்கும்; பலன் இல்லை. பிளாஸ்டிக் மரை உள்ள லென்ஸில் அலுமினிய ஃபில்டர் என்றால் குளிர் நிலைமையைக் கெடுக்கும். பிளாஸ்டிக் அலுமினியத்தைவிட அதிகமாகச் சுருங்கி வளையத்தை இறுக்கும். சமவெளி வெயிலில் போட்ட ஃபில்டர் ஊட்டியின் அதிகாலையில் அசையாமல் நின்றால், அறைக்குள் கொண்டுவந்து வெதுவெதுப்பாகும்வரை காத்திருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எண்ணெயோ துரு நீக்கும் ஸ்ப்ரேயோ ஒரு சொட்டுகூட வேண்டாம். மெல்லிய எண்ணெய் மரை வழியே ஊர்ந்து அப்பெர்ச்சர் இதழ்கள்வரை போனால், அவை ஒட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய லென்ஸையே பிரிக்க வேண்டியிருக்கும்.

லென்ஸ் கீழே விழுந்து, வளையம் நசுங்கி, ஃபில்டர் கண்ணாடியும் உடைந்திருந்தால் அவசரப்படாதீர்கள். லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து, சில்லுகள் தரையில் விழும்படி மெல்லத் தட்டுங்கள். எந்தச் சில்லையும் துணியால் துடைக்கக் கூடாது. முன் கண்ணாடியில் கீறல் விழும். ஊதும் ரப்பர் பம்ப் போதும். நசுங்கிய வளையத்தைக் குறடால் நெம்பாமல் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள். அவர்களிடம் லென்ஸ் வைஸ் என்ற கருவி உண்டு. உள்ளிருந்து வெளிப்பக்கம் தள்ளி, நெளிந்த விளிம்பை மீண்டும் வட்டமாக்கும்.

புதிய ஃபில்டரைப் போடும்போது, வைத்தவுடன் முதலில் கழற்றும் திசையில் கொஞ்சம் திருப்புங்கள். மரையின் முனைகள் சந்திக்கும் இடத்தில் வளையம் சின்னதாக ‘டக்’கென்று இறங்கும். அங்கிருந்து உள்நோக்கித் திருகி, விளிம்பு தொட்டதும் நிறுத்திவிடுங்கள்.